அணுக்களின் கவர்திறனை அளந்த வகை

இரண்டு அணுக்கள் பிணையுங்கால், பிணைப்பிற்குரிய எலெக்ட்ரான்களை அவை எப்போதும் ஒத்த அளவில் பற்றி நிற்பதில்லை. ஒன்று தன்பால் மிகுதியாக இழுக்கும். அவ்விழுக்கும் வலிமையே எலெக்ட்ரான் கவர்திறன் எனப்படும். இதனை நேரே நிறுக்கும் துலாக்கோல் எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. அங்ஙனமாயின், ஹைட்ரஜனுக்கு 2.20 என்றும் குளோரினுக்கு 3.16 என்றும் அட்டவணைகள் கூறும் எண்கள் எங்ஙனம் பிறந்தன? தமிழ் பயிலும் எமக்கு இவ்வினாவில் என்ன உரிமை என்று அறிவியல் நண்பர் நகைக்கலாம். இரண்டு சொற்கள் புணருமிடத்து இயல்பாய் நிற்பன எவை, விகாரப்படுவன எவை என்று ஆராய்தல் எம் தொழிலாதலின், அணுக்களின் புணர்ச்சியும் எம் உள்ளத்தை ஈர்த்தது என்க.

1932-ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயன அறிஞர் லைனஸ் பாலிங் இதற்கு ஒரு வழி கண்டார். ஒரு பிணைப்பை அறுத்து அணுக்களைப் பிரிப்பதற்கு வேண்டும் ஆற்றல் பிணைப்பாற்றல் ஆகும். இஃது அளந்தறியக் கூடியது. ஹைட்ரஜன் அணு இரண்டின் பிணைப்பிற்கு அது மோலுக்கு 436 கிலோஜூல்; குளோரின் அணு இரண்டிற்கு 242. ஒத்த அணுக்களாதலின் இவற்றுள் இழுபறி இல்லை. ஹைட்ரஜனும் குளோரினும் கூடுமிடத்தும் அவ்வாறே சமமாகப் பங்கிடுமாயின், அப்பிணைப்பாற்றல் இரண்டின் சராசரியாகிய 339 ஆதல் வேண்டும். அளந்து பார்ப்பின் 431! மிகையாகிய இந்த 92 எதனால் தோன்றியது? எலெக்ட்ரான் குளோரின் பக்கம் சாய்தலால் ஒரு முனை சிறிது நேர்மின்னும் மறுமுனை சிறிது எதிர்மின்னும் எய்தி, ஒன்றையொன்று ஈர்த்துப் பிணைப்பை உறுதியாக்கின என்பதே பாலிங் கூறும் விடை.

அம்மிகையையே கவர்திறன் வேறுபாடாகக் கொள்ளலாமே எனின், ஆகாது. ஃப்ளூரின் அணு இரண்டின் பிணைப்பாற்றல் 158. ஹைட்ரஜனோடு அது கூடுங்கால் சராசரி 297, அளந்தது 568, மிகை 271. ஹைட்ரஜனினின்று ஃப்ளூரின் 271 படியும் குளோரின் 92 படியும் உயர்ந்தனவாயின், அவ்விரண்டிற்கும் இடையே 179 இருத்தல் வேண்டும். குளோரினும் ஃப்ளூரினும் கூடிய பொருளிலோ மிகை ஏறத்தாழ 50 மட்டுமே. கணக்கு இடறுகின்றது. இங்கேதான் பாலிங்கின் நுண்ணறிவு விளங்குகின்றது. மிகையை 96.5 ஆல் வகுத்து (ஓர் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு ஈடான கிலோஜூல் அளவு இது) வர்க்கமூலம் காண்க. ஹைட்ரஜன்–குளோரின் 0.98, ஹைட்ரஜன்–ஃப்ளூரின் 1.68; இவற்றின் இடைவெளி 0.70. குளோரின்–ஃப்ளூரினுக்குத் தனியே கணக்கிட்டால் 0.72. தொடர்பற்றனபோல் தோன்றிய மூன்று எண்களும் ஒரே கோலில் வந்து அமர்கின்றன!

இவையெல்லாம் வேறுபாடுகளே. ஆதலின் ஓரிடத்தை நாமே நிறுத்திக்கொள்ளல் வேண்டும். ஹைட்ரஜனை 2.20 என்று கொண்டால் குளோரின் 3.18, ஃப்ளூரின் 3.88 ஆகும். பல பிணைப்புகளை ஒத்துப்பார்த்துத் திருத்திய அட்டவணைகளில் அவை 3.16, 3.98 என நிற்கின்றன.

இம்முறைக்கு இடர்ப்பாடும் உண்டு. லிதியம் அணு இரண்டின் பிணைப்பாற்றல் 105. ஹைட்ரஜனோடு சராசரி 270.5. லிதியம் ஹைட்ரைடில் அளந்ததோ 238. மிகை குறையாகிவிட்டது, குறை எண்ணுக்கு வர்க்கமூலம் காண்பது யாங்ஙனம்? ஆகவே இத்தகைய இடங்களில் கூட்டுச் சராசரியை விடுத்து, இரண்டையும் பெருக்கி மூலம் காணும் பெருக்குச் சராசரியைக் கொண்டனர்; அது 214 ஆதலின் 24 மிஞ்சுகின்றது. ஒட்டுப்போட்டாற்போல் இஃது எமக்குத் தோன்றினும், கணக்கு நடக்கின்றது. ஹீலியம், நியான் என்பவற்றிற்கோ அறுத்து அளப்பதற்கேற்ற நிலைத்த பிணைப்பே இல்லை. பாலிங்கின் அட்டவணையில் அவற்றின் கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன.