'கொண்டு வா' என்ற சொல்லின் கதை

சென்ற மாதம் சுல்தான் பஜாருக்குப் போய் வந்த என் பேரன், "தாத்தா, புதுப் பேனா கொண்டேன்" என்றான். "தப்பு, வாங்கினேன் என்று சொல்" என்று அதட்டினேன். தெலுங்குப் பிள்ளைகளோடு பழகிப் பழகி, 'கொன்னானு' என்பதை அப்படியே தமிழாக்கிவிட்டான் என்பது என் வருத்தம்.

இரவு யோசித்தபோது 'கொள்முதல்' நினைவுக்கு வந்தது. நெல் கொள்முதல் என்றால் நெல்லை விலைக்கு வாங்குவதுதானே? இலங்கைத் தமிழர் இன்றும் 'கொள்வனவு' என்றே எழுதுகிறார்கள். விலைக்கு வாங்குதல் என்பது 'கொள்' என்ற வினையின் பழைய பொருள்களில் ஒன்று. நாம் பேச்சில் கைவிட்டதைத் தெலுங்கர் 'கொனு' என்று வைத்திருக்கிறார்கள். பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் இவ்விரண்டும் ஒரே பதிவில் உள்ளன. (பையனைத் திருத்த நான் சொன்ன 'வாங்கு' என்பதற்கும் வளைத்தல், இழுத்தல் என்ற பொருள்கள் உண்டு!)

இனி 'கொண்டு வா'. 'கொண்டு' என்பது 'கொள்' வினையின் இறந்தகால வினையெச்சம். 'கையில் எடுத்து' என்று பொருள். அதனுடன் 'வா' சேர்ந்து ஒரே வினையாயிற்று. பேச்சில் 'கொண்டா' என்று சுருங்கியது. 'எடுத்துக்கொண்டு வா' என்பதைச் சிலர் வீட்டில் 'எடுத்துக்கிட்டு வா' என்பார்கள், சிலர் வீட்டில் 'எடுத்துண்டு வா' என்பார்கள். 'கிட்டு', 'ண்டு' இரண்டும் தேய்ந்துபோன 'கொண்டு'தான்.

நம் தெருவில் நாள்தோறும் கேட்கும் 'தீசுகுரா'வைப் பிரித்துப் பாருங்கள். தீசி, கொனி, ரா; அதாவது எடுத்து, கொண்டு, வா. நம்முடைய தொடரின் அதே அமைப்பு. தேய்மானமும் அப்படியே: 'கொனி' இங்கே 'கு' என்ற ஓரெழுத்தாக நிற்கிறது. கன்னடத்தாரின் 'தெகெதுகொண்டு பா'வும் இந்த வரிசைதான்.

எனக்கு மிகவும் பிடித்தது 'கொனுக்கோ'. 'உனக்காக வாங்கிக்கொள்' என்று பொருள். முதலில் வரும் 'கொனு' விலைக்கு வாங்குவது; பின்னால் வரும் 'கோ'வும் அதே வினைதான், ஆனால் 'தனக்காக' என்று மட்டும் காட்டும் துணைவினை. நம் 'எழுதிக்கொள்', 'பார்த்துக்கொள்' இவற்றில் வரும் 'கொள்'ளின் வேலையும் இதுவே.

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் 1986 முதல் 1993 வரை துணைவேந்தராக இருந்த பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, தெலுங்கு வினையடிகளைப் பற்றியே ஒரு பெரிய நூல் எழுதியவர். அதுவும் 1961இல் வந்ததுதான். மொழி ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படிக்கலாம்.

பேரனிடம் 'வாங்கினேன்' என்றே இன்றும் சொல்லச் சொல்கிறேன்; சென்னையில் உள்ள அத்தை வீட்டில் அதுதான் புரியும். 'தப்பு' என்று சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன்.