போனில் வீடு தெரியாது

அன்புள்ள தம்பிக்கு,

எம்.எஸ்.டபிள்யூ. முடித்த கையோடு தொலைபேசி வழி மனநல ஆலோசனைத் திட்டம் ஒன்றில் சேர்ந்துவிட்டாய் என்று தெரிந்து மகிழ்ந்தேன். “ஃபீல்டு வொர்க் அலைச்சல் இனி இல்லை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும்” என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்த நீண்ட பதில். அலைச்சல் குறையும், வாஸ்தவம்தான். ஆனால் அந்த அலைச்சல் நீ கேட்காமலே தந்துகொண்டிருந்த பலவற்றை இனி நீ கேட்டுத்தான் பெற வேண்டும்.

வீட்டுக்குப் போனால் பாதி விஷயம் வாசலிலேயே தெரிந்துவிடும். மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறதா, அடுப்பு எரிந்ததா, கேள்விக்குப் பதில் சொல்லும் முன் மருமகள் யார் முகத்தைப் பார்க்கிறாள் என்பதெல்லாம் கண்ணில் படும். போனில் வீடு தெரியாது. அந்தக் குரலுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரியாது. இந்த வேலையில் நியாயமாக நடப்பதும் திறமையாக நடப்பதும் பெரும்பாலும் இந்தக் குறையை எப்படி ஈடுகட்டுகிறாய் என்பதில்தான் இருக்கிறது.

தனிமையிலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊரில் பல வீடுகளுக்கு ஒரே அறை, ஒரே ஸ்மார்ட்போன். அந்தப் போனும் பெரும்பாலும் கணவர் பையிலோ மகன் கையிலோ இருக்கும். “பக்கத்தில் யாராவது இருக்காங்களா?” என்று நீ கேட்டால், பக்கத்தில் ஆள் இருக்கிற பெண்ணால் அதற்கு எப்படிப் பதில் சொல்ல முடியும்? “ஆமா, இல்லைன்னு மட்டும் சொன்னாப் போதும்மா, இப்ப பேச வசதியா இருக்கா?” என்று கேள். முதல் அழைப்பிலேயே நீங்கள் இருவரும் ஒரு குறிச்சொல்லை முடிவு செய்துகொள்ளுங்கள். “மளிகை லிஸ்ட்டை அப்புறம் சொல்றேன்” என்று அவர் சொன்னால் யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். உடனே நீயும் “சரிங்க, எப்போ கூப்பிடட்டும்?” என்று இயல்பாக முடித்துவிட வேண்டும். காதையும் பழக்கிக்கொள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வார், டிவி சத்தம் சட்டென்று நிற்கும், குரலில் வராண்டாவின் எதிரொலி கேட்கும். அந்த நேரத்தில் அடுத்த கேள்விக்குத் தாவாதே.

நீ திரும்பக் கூப்பிடும்போது இன்னொரு சங்கடம் உண்டு. ட்ரூகாலர் உள்ள போனில் உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் ‘மனநல ஆலோசனை’ என்று விழுந்தால், நீ ஒரு வார்த்தை பேசாமலே ரகசியம் போய்விட்டது. எந்த எண்ணில், எந்த நேரத்தில் கூப்பிடலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்பதையெல்லாம் அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள். வேறு ஆள் எடுத்தால் பொய் சொல்ல வேண்டியதில்லை. உன் பெயரை மட்டும் சொல்லி, “அப்புறம் கூப்பிடுறேன்” என்று வைத்துவிடலாம். குரல் பதிவு அனுப்பவே அனுப்பாதே. உன் சொந்த வாட்ஸ்அப் எண்ணையும் கொடுக்காதே. ராத்திரி இரண்டு மணிக்கு வரும் ‘சாகப் போறேன்’ செய்தியை நீ காலை ஏழு மணிக்குத்தான் பார்ப்பாய்.

சம்மதம் என்றால் வகுப்பில் ஒரு படிவமாகத்தான் படித்திருப்பாய். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் மருத்துவர்களுக்காக எழுதப்பட்டவைதான். ஆனாலும் அதில் நமக்கும் பொருந்தும் ஒரு வேறுபாடு இருக்கிறது: நோயாளி தானே அழைத்தால் சம்மதம் இருப்பதாகக் கொள்ளலாம், மருத்துவரோ சுகாதாரப் பணியாளரோ அழைத்தால் வெளிப்படையாகக் கேட்டுப் பெற வேண்டும். கிராமச் செவிலியர் கொடுத்த பட்டியலைப் பார்த்து நீ கூப்பிடும் ஆள் உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நீ யார், எதற்குக் கூப்பிடுகிறாய், இந்தப் பேச்சு பதிவாகிறதா, வேண்டாமென்றால் வைத்துவிடலாம் என்பதையெல்லாம் பேச்சுத் தமிழில் அரை நிமிடத்தில் சொல்லப் பழகு.

இன்னொன்றையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். “நீங்க சொல்றது நமக்குள்ளேயே இருக்கும்” என்பது எல்லாருடைய வாயிலும் சுலபமாக வருகிற வாக்கியம். அதைச் சொல்லாதே, ஏனென்றால் அது உண்மையில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் ரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது. மின்னணு வடிவில் சேமித்த தகவலுக்கும் அது பொருந்தும் என்கிறது 24-ஆம் பிரிவு. ஆனால் உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு போன்ற சூழலில் விலக்கும் அதே சட்டத்தில் உண்டு. போக்சோ சட்டம் இன்னும் கறார். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால், 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி அழைக்கிறாள் என்று வை. “அண்ணாகிட்ட மட்டும்தான் சொல்றேன்” என்று தொடங்குகிறாள். நீ “தைரியமா சொல்லு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்கிறாய். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபிறகு “இதை நான் போலீசுக்குச் சொல்லியாகணும்” என்றால், அவளை ஏற்கெனவே ஏமாற்றியவனோடு நீயும் சேர்ந்துவிட்டாய். அவள் வாயைத் திறக்கும் முன்பே சொல்: “நீ சொல்றதை வெளியே சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, உன்னை யாராவது தப்பா நடத்தியிருந்தாலோ, நான் சிலர்கிட்ட சொல்ல வேண்டிவரும். அப்படிச் சொல்றதுக்கு முன்னாடி யார்கிட்ட, எப்படின்னு உன்கிட்ட பேசிட்டுத்தான் சொல்வேன்.” இதைக் கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாலும் வைக்கலாம். வைப்பது அவள் உரிமை. என் அனுபவத்தில் பலர் வைப்பதில்லை. முன்கூட்டியே சொன்னதாலேயே நம்புகிறார்கள். உன் மேஜையில் குழந்தைகள் உதவி எண் 1098 என்று பெரிதாக எழுதி ஒட்டிவை. பெண்களுக்கான 181-ஐயும் அதற்குக் கீழே எழுது.

தற்கொலை எண்ணத்தோடு வரும் அழைப்புகளுக்கு வருகிறேன். பேச்சு கனக்கும் முன்பே, முதல் இரண்டு நிமிடத்தில், இப்போது எந்த ஊரில் இருக்கிறார், பக்கத்தில் என்ன அடையாளம், இன்னொரு எண் ஏதாவது உண்டா என்று கேட்டுக் குறித்துவிடு. ஆதார் முகவரி உதவாது. திருப்பூர் பனியன் கம்பெனி விடுதியிலிருந்து பேசுபவரின் ஆதார் விருத்தாசலத்தைச் சொல்லும். “லைன் கட்டானா நானே கூப்பிடுவேன், எடுக்கலைன்னா இந்த இன்னொரு நம்பருக்குப் பேசுவேன், சரியா?” என்று முதலிலேயே ஒப்புதல் வாங்கு. “தப்பான எண்ணம் ஏதும் வருதா?” என்று சுற்றிவளைக்காதே. “சாகணும்னு தோணுதா? அதுக்கு ஏதாவது எடுத்து வெச்சிருக்கீங்களா?” என்று நேராகவே கேள். நேராகக் கேட்பதால் எண்ணம் விதைக்கப்படாது. பூச்சிமருந்து வீட்டில் இருக்கிறது என்றால் அதை யாரிடம் கொடுத்தனுப்பலாம் என்று பேசு. அதைக் குடித்துவிட்டேன் என்றால், உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை என்று அவர் சொன்னாலும் ஜி.எச்.சுக்கு அனுப்பியே ஆக வேண்டும். பாராகுவாட் போன்ற களைக்கொல்லி முதலில் ஒன்றும் காட்டாமல் இருந்துவிட்டுப் பிறகு உறுப்புகளைத் தின்றுவிடும். நீ லைனில் இருக்க, பக்கத்துச் சீட்டுக்காரர் 108-க்கு அடிக்க வேண்டும். தனியாளாக நெருக்கடி அழைப்பை எடுக்கச் சொல்லும் நிறுவனத்தில் வேலை செய்யாதே என்றே சொல்வேன்.

நேரில் உட்கார்ந்திருந்தால் எதிரில் இருப்பவர் அழுவது தெரியும், நாமும் சும்மா இருக்கலாம். போனில் நீ பேசாமல் இருந்தால் “ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்பார்கள். “இருக்கேன், மெதுவா சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திரு.

உன் வகுப்புத் தோழர்கள் பலருக்கும் இந்த வேலை என்றாலே கவுன்சலிங் மட்டும்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனச்சிதைவு உள்ள மகனை வைத்திருக்கும் தாய்க்கு ஆறுதல் வார்த்தையைவிட, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எந்தக் கிழமை எந்த ஜி.எச்.சுக்கு, என்னென்ன தாளோடு போக வேண்டும் என்பது பெரிய உதவி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகை மாற்றுத்திறன்களில் மனநோயும் ஒன்று என்பதே பலருக்குத் தெரியாது. “மாத்திரையை நிறுத்திடலாமா?” என்று கேட்டால் அது உன் வேலையில்லை, மருத்துவரிடம் இணைப்பதுதான் உன் வேலை. 14416-ஐ எடுத்துக்கொள். 2022 அக்டோபரில் தொடங்கி, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கும் டெலிமானஸ் தொலைபேசி மனநலச் சேவை அது. அங்கேகூட ஆலோசகர் முதல் படி, மருத்துவரும் மாவட்ட மனநலத் திட்டமும் அடுத்த படி.

அந்த அடுத்த படிக்கு வீடு தேடிப் போகும் கால்கள் வேண்டும். சென்னையின் மனநல நிறுவனமான ஸ்கார்ஃப் 2010-இல் புதுக்கோட்டையில் தொடங்கிய திட்டத்தைப் படித்துப் பார். மருத்துவர் சென்னையிலிருந்து காணொளியில் பேசினார். ஆனால் கிராமத்துக்கு ஒரு பேருந்து போனது. அதற்குள்ளேயே ஆலோசனை அறையும் மருந்தகமும் இருந்தன. உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். திரையோடு நின்றிருந்தால் மாத்திரை வீட்டுக்கு வந்திருக்காது. ஆகவே வெறும் எண்ணைக் கொடுத்து “அங்க பேசுங்க” என்று விட்டுவிடாதே. அவரையும் லைனில் வைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடம் நீயே பேசி அறிமுகப்படுத்து. இரண்டு நாள் கழித்து, போனாரா என்று கேள். ரகசியம் பற்றி இன்னொன்று: கேஸை அலுவலகக் குழுவில் விவாதிக்கும்போது பெயரை நீக்கினால் மட்டும் போதாது. சின்ன ஊரில் ‘சத்துணவு அமைப்பாளரின் மனைவி’ என்றாலே ஆள் தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை போனதும் உன் ஒருங்கிணைப்பாளரிடம் சிலவற்றைக் கேள். அழைப்புப் பதிவுகளை யார் கேட்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? இரவு நெருக்கடி அழைப்பு வந்தால் பொறுப்பு மருத்துவர் யார்? மாவட்டவாரியாக மனநலத் திட்டம், குழந்தை நலக் குழு, பாதுகாப்பு அலுவலர் எண்கள் உள்ள பட்டியல் இருக்கிறதா, கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள்? வாரம் ஒரு தடவையாவது மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து கேஸ் பேச நேரம் ஒதுக்குவார்களா? பதிலை எழுத்தில் வாங்கு. பட்டியல் இல்லையென்றால் எனக்கு எழுது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் எண்கள் என்னிடம் இருக்கின்றன, அவற்றை அனுப்பிவைக்கிறேன். மற்ற மாவட்டங்களை நீ போன் போட்டுச் சேர்க்கத் தொடங்கு.

அன்புடன்,
அக்கா