சிரப்பு பாட்டிலைத் தேடாதீங்க, மூச்சை எண்ணுங்க!



ஐப்பசி, கார்த்திகை மழை பிடிச்சுதுன்னா தலத்தெருவில் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம்தான். பெரியவங்க சமாளிச்சுக்கலாம். கைக்குழந்தை இருமினா என்ன செய்றது? "கொஞ்சம் சிரப்பு ஊத்து, தூங்கிடும்" என்று யாராவது சொல்வாங்க. கேட்காதீங்க.

2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பகுதியில் இருமல் சிரப்பு குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். அந்த சிரப்பு தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு அதில் இருந்தது. அந்த அக்டோபரிலேயே, 2 வயதுக்குள்ளான குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து தரக்கூடாது என்று மத்திய அரசு அறிவுறுத்தியது. நஞ்சு இல்லாத நல்ல சிரப்பும் கைக்குழந்தைக்கு வேண்டாம். இருமல்தானே சளியை வெளியே தள்ளுது!

சாதாரண சளியா, நிமோனியாவா? நாமே கவனிக்கலாம்.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியா இருக்கும்போது சட்டையைத் தூக்கி விடுங்க. வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரத்தைப் பார்த்து முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க.

* 2 மாதத்துக்குள்: 60 அல்லது அதற்கு மேல்
* 2 மாதம் முதல் 1 வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்

இப்படி இருந்தால் வேகமான மூச்சு. உடனே டாக்டரிடம் காட்டணும்.

எண்ணிக்கை சரியா இருந்தாலும், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்காவிட்டால், துவண்டு கிடந்தால், உதடு நீலம் பாய்ந்தால், வலிப்பு வந்தால் காத்திருக்காதீங்க. 2 மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு உடம்பு சுட்டாலும் ஆபத்து, ஜில்லுனு ஆனாலும் ஆபத்து. 108-ஐக் கூப்பிட்டு காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்குப் போங்க. ராத்திரி ஆச்சேன்னு விடியும் வரை பார்க்க வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது: தாய்ப்பால் கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி கொடுங்க. மூக்கு அடைச்சிருந்தா மெல்லிய சுத்தமான துணியைத் திரித்துத் துடைச்சு விட்டுப் பால் கொடுங்க. கதகதப்பா மூடி வையுங்க.

செய்யக் கூடாதது: மூக்கில் எண்ணெய் விடுவது, கற்பூரம் தடவுவது, 1 வயதுக்குள் தேன் கொடுப்பது. சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, விறகடுப்புப் புகை எதுவும் குழந்தை பக்கம் வேண்டாம். மாமியார் கோவிச்சுக்கிட்டா இந்தப் பக்கத்தைப் படிச்சுக் காட்டுங்க.

6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் போடும் நிமோனியா தடுப்பூசியைத் தவற விடாதீங்க. அரசு மருத்துவமனையில் இலவசம்தான்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருத்தரும் வீட்டில் தூங்குற ஒரு குழந்தையின் மூச்சை எண்ணிப் பழகிட்டு வாங்க. குழந்தைக்கு அவசரம்னா ராத்திரியில் யார் கூட வருவது, ஆட்டோ செலவுக்குக் குழுப் பணத்தை எப்படி எடுப்பது என்று பேசித் தீர்மான நோட்டில் எழுதி வையுங்க. அந்த நேரத்தில் ஒரு தாய் தனியா நிற்கக் கூடாது.