வெந்நீர்த் தொட்டியின் மின்பழுதுகள்

வட அமெரிக்காவின் குளிர்ப்பிரதேசங்களில், வீட்டின் பின்புறத்துத் திறந்தவெளியில் வெந்நீர்த் தொட்டியொன்று அமைத்துக்கொள்ளுதல் பல குடும்பத்தாரிடை வழக்கமாயுள்ளது. சுற்றிலும் பனி மூடிக் கிடக்க, நால்வர் ஐவர் கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்து களைப்பாறுவர். அந்நீரைச் சுடச்செய்வதும் மின்சாரம்; சுழலச்செய்வதும் மின்சாரம். மின்சாரமும், நீரும், நனைந்த மனித உடலும் ஒருங்கே கூடும் இடம் அதுவாதலின், தொட்டி இயங்க மறுக்கும்போது அதன் காரணத்தை ஆராயும் முறை பௌதிகம் பயிலும் மாணாக்கர்க்கு நல்லதொரு பாடமாகும். மற்றையோர்க்கும் உயிர்காக்கும் அறிவாகும்.

1. தொட்டியும் அதன் உறுப்புக்களும்

இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவிற் குடியேறிய ஜக்கூஸி சகோதரர்கள் பம்பு செய்யும் தொழிலினர். அவர்களுள் ஒருவரான காந்திதோ ஜக்கூஸியின் இளமகன் மூட்டுவாத நோயால் வருந்தினான். நீர்ச்சிகிச்சையை அவனுக்கு வீட்டிலேயே அளிக்கும்பொருட்டு, 1940-களின் இறுதியில் அவர் குளிதொட்டியில் இறக்கத்தக்க பம்பொன்றை அமைத்தார். 1968-இல் ராய் ஜக்கூஸி என்பார் பம்பும் நீர்த்தாரைகளும் உடனமைந்த தொட்டியைச் செய்தார். நோயுற்ற ஒரு மகனுக்கென எழுந்த கருவி இங்ஙனம் வீட்டு வசதியாயிற்று.

இக்காலத்துத் தொட்டியொன்று ஏறக்குறைய 1,500 லிட்டர் நீர் கொள்ளுவதென வைத்துக்கொள்வோம். நீரானது பில்டரின் வழியே பம்பினுட் புகுந்து, ஹீட்டர் பொருந்திய குழாயைக் கடந்து, மீண்டும் தொட்டிக்கு வருகிறது. நீரைத் தூய்மைசெய்ய ஓஸோன் எழுப்பும் சிறு கருவியும், விளக்கும், காற்றூதியும் சில தொட்டிகளில் உண்டு. அனைத்தையும் ஆளுவது ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. அமெரிக்க வீடுகளுக்கு மின்சாரம் இரண்டு பேஸ் கம்பிகளால் வருகிறது. அவ்விரண்டிற்கும் இடையே 240 வோல்ட். ஒவ்வொன்றிற்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட். எர்த் கம்பியும் சேரப் பெரிய தொட்டிக்கு நான்கு கம்பிகள் செல்லும். ஹீட்டர் 240 வோல்ட்டில் இயங்க, ஓஸோன் கருவி முதலிய சிறியவை பல தொட்டிகளில் 120 வோல்ட்டில் இயங்கும்.

2. காவற்சுவிட்சு

தொட்டிக்குச் செல்லும் மின்சாரம், கசிவு கண்டவுடன் தானே விழும் ஒரு சுவிட்சின் வழியே செல்லுதல் வேண்டும். அமெரிக்கர் இதனை ஜி.எப்.சி.ஐ. என்பர், நாம் காவற்சுவிட்சு என்போம். கணக்குப்பிள்ளை அன்றாடம் சென்ற தொகையையும் வந்த தொகையையும் ஒத்துப்பார்ப்பது போல, இது சென்ற மின்னோட்டத்தையும் மீண்ட மின்னோட்டத்தையும் இடைவிடாது ஒத்துப்பார்க்கிறது. இரண்டும் சமமாயின் வாளாவிருக்கும். சமமின்றேல், குறைந்த மின்னோட்டம் வேறெங்கோ செல்கிறது. அவ்வேறிடம் ஒரு மனிதனின் உடலாகவும் இருக்கலாம். வேறுபாடு ஏறக்குறைய 5 மில்லியாம்பியர் ஆனவுடன் அது இணைப்பைத் துண்டித்துவிடும்.

இவ்வளவு சிறிய எல்லை எதற்கு? கலிபோர்னியா சர்வகலாசாலையின் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், தாமாக முன்வந்தோரைக் கொண்டு நடத்திய பரீக்ஷைகளில், கையிற் பிடித்த கம்பியை விடமுடியாதபடி தசைகள் இறுகும் மின்னோட்டத்தை அளந்தார். அது சராசரியாக ஆடவர்க்கு 16 மில்லியாம்பியர், பெண்டிர்க்கு 10.5 மில்லியாம்பியர் எனக் கண்டார். அவ்வெல்லைக்கு முன்னரே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை அவர் 1961-இல் அமைத்தார். தொட்டிக்கெனப் பொருத்தும் சாதாரண சுவிட்சு 50 ஆம்பியரைக் கடந்தாலன்றி விழாது. 50 ஆம்பியர் என்பது 5 மில்லியாம்பியரைப் போல் 10,000 மடங்கு. ஆகவே, சாதாரண சுவிட்சு கம்பியைக் காக்கும். காவற்சுவிட்சே மனிதனைக் காக்கும். இவ்வேறுபாட்டை மாணாக்கர் மறவாதிருப்பாராக.

3. விழும் வேளையே முதற்சாட்சி

காவற்சுவிட்சு விழுந்தால், பலர் அதனை மீண்டும் மீண்டும் ஏற்றிப் பார்ப்பர். அது பயனற்றதும் அபாயமுமாம். நல்ல மருத்துவன் மருந்து எழுதுமுன் காய்ச்சல் எப்போது வருகிறதென்று வினவுவான். அவ்வாறே நாமும் சுவிட்சு எப்போது விழுகிறதென்று முதலில் நோக்கல் வேண்டும்.

ஏற்றிய கணமே விழுமாயின், கம்பி இணைப்பிலோ கட்டுப்பாட்டுப் பெட்டியினுட் புகுந்த ஈரத்திலோ காரணத்தைத் தேடுக. பம்பு சுழலத் தொடங்கும்போது விழுமாயின், பம்பின் மோட்டாரை ஐயுறுக. பம்பு சில நிமிஷங்கள் நன்கு ஓடிய பின், ஹீட்டர் சூடேறத் தொடங்கும் வேளையில் விழுமாயின், ஹீட்டரே பெரும்பாலும் குற்றவாளி. மழை பெய்த பின் மட்டும் விழுமாயின், ஈரம் புகும் வழியொன்று உண்டு. இவ்வளவும் கருவி எதனையும் தொடாமலே வீட்டுக்காரர் அறியத்தக்கவை. குறித்துவைத்துத் தொழிலாளியிடம் சொன்னால் அவருடைய வேலையிற் பாதி முடிந்தது எனலாம்.

4. பிரித்தறியும் முறை

இனி வருவது தேர்ந்த மின்தொழிலாளி, மின்சாரத்தை முற்றும் நிறுத்தி, நின்றதென்று அளவுகருவியால் உறுதிசெய்த பின்னரே செய்யத்தக்கது. முதலில் தொட்டிக்குச் செல்லும் கம்பிகளைச் சுவிட்சிலிருந்து நீக்கி, சுவிட்சை மட்டும் ஏற்றிப் பார்ப்பார். அப்போதும் விழுமாயின் குற்றம் சுவிட்சினதே. நிற்குமாயின் கம்பிகளை மீளப் பூட்டி, ஹீட்டரின் இரு கம்பிகளையும் கழற்றி முனைகளை மறைத்துத் தொட்டியை இயக்குவார். இப்போது விழவில்லையெனில் ஹீட்டரே காரணம். மீண்டும் விழுந்தால் ஓஸோன் கருவி, காற்றூதி, விளக்கு, பம்பு என ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பார். எதனை நீக்கியபின் சுவிட்சு நிற்கிறதோ அதுவே பழுதுற்ற உறுப்பு. இருவரை ஒருங்கே நீக்கினால் குற்றவாளி யாரென்று தெரியாது. ஒரு தடவைக்கு ஒன்றையே மாற்றுதல் என்னும் பரீக்ஷைசாலை விதி இங்கும் செல்லும்.

ஹீட்டர் அடிக்கடி குற்றவாளியாவது ஏன்? உலோக உறையின் நடுவே தடைக்கம்பியை வைத்து, இடைவெளியில் மெக்னீசியம் ஆக்ஸைடுப் பொடியை இறுக்கி அதனைச் செய்கின்றனர். அப்பொடி வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைத் தடுக்கும், ஆனால் ஈரத்தை எளிதில் உறிஞ்சும். உறையில் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றினும் நீர் உட்சென்று, மின்சாரம் உறைக்கும் அதைச் சூழ்ந்த நீருக்கும் கசியும். பேஸ் கம்பிக்கும் நிலத்திற்கும் இடையே உள்ளது 120 வோல்ட். ஓமின் விதிப்படி, தடை 24,000 ஓமாகக் குறைந்தவுடன் கசிவு 5 மில்லியாம்பியர் ஆகிவிடும். 5,500 வாட் ஹீட்டரின் இரு முனைகளுக்கிடையே ஏறக்குறைய 10.5 ஓம் காணப்படும்; முனைக்கும் உறைக்கும் இடையிலோ தொடர்பே காணலாகாது. ஆயினும், சிறு மின்கலத்தால் இயங்கும் ஓம்மானி, முழு வோல்ட்டிலும் சூட்டிலும் மட்டுமே தோன்றும் கசிவைச் சில வேளைகளிற் காட்டாது விடும். ஆதலின் பிரித்தறியும் முறையே உறுதியானது.

5. புதுத் தொட்டியின் பிழை

புதிதாகப் பொருத்திய தொட்டி முதல் நாளே சுவிட்சை வீழ்த்துமாயின், தொட்டியைக் குறைகூறுமுன் நியூட்ரல் கம்பியை நோக்குக. தொட்டியிலிருந்து வரும் நியூட்ரல், காவற்சுவிட்சில் அதற்கென உள்ள முனையிற் சேரவேண்டும். அதனை நேரே பொது நியூட்ரற் பட்டையிற் சேர்த்துவிடுதல் பலர் செய்யும் பிழை. அப்போது 120 வோல்ட்டில் இயங்கும் சிறு கருவிக்குச் சென்ற மின்னோட்டம் சுவிட்சின் வழியே மீளாது வேறு வழியாய் மீளுகிறது, கணக்கு ஒவ்வாது, சுவிட்சு விழுகிறது. கருவிகளோ அனைத்தும் பழுதற்றவை. நியூட்ரல் தளர்ந்து அறுமாயின் வேறொரு தீங்கு நேரும்: 120 வோல்ட்டுக்குரிய கருவிகளுக்கு அதனினும் மிக்க வோல்ட் சென்று அவை எரிந்துபோகலாம்.

6. சுவிட்சு விழாமலே நேரும் தடைகள்

சுவிட்சு நிற்கவும் தொட்டி சுடாதிருத்தல் மற்றொரு வகை. நீர் ஓடாத ஹீட்டர் எரிந்துவிடும் ஆதலின், ஓட்டம் குறைந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி ஹீட்டரை இயக்காது. பில்டரில் அழுக்கு அடைந்திருத்தல், நீர்மட்டம் தாழ்ந்திருத்தல், வால்வு மூடியிருத்தல் ஆகிய எளிய காரணங்களையே முதலில் நோக்குக. பில்டரை எடுத்துவிட்டுப் பார்க்கையில் ஓட்டம் சீர்ப்படுமாயின் காரணம் வெளிப்பட்டது.

நீரை மாற்றி நிரப்பிய பின் பம்பு ஒலித்தும் நீர் அசையாவிடில், குழாயில் காற்று அடைபட்டுள்ளது. மின்சாரத்தை நிறுத்தி, பம்பருகே உள்ள இணைப்பு வளையத்தைச் சிறிது தளர்த்தினால் காற்று சீறி வெளிவரும். நீர் கசியத் தொடங்கியதும் இறுக்கிவிடவேண்டும். பில்டர் இருக்கும் குழியின் வழியே நீரை நிரப்பினால் இத்தொல்லை பெரும்பாலும் நேராது. மோட்டார் சுழலாமல் ரீங்காரம் மட்டும் செய்யுமாயின், அதன் கண்டென்ஸர் கெட்டிருக்கலாம். அல்லது நெடுநாள் ஓய்ந்து தண்டு இறுகியிருக்கலாம். கண்டென்ஸர் மின்சாரம் நின்ற பின்னும் மின்னேற்றத்தை வைத்திருக்குமாதலின், அறியாதார் அதனைத் தொடலாகாது.

சில வேளைகளிற் பழுதே இராது, பொறுமையே குறைவாயிருக்கும். 1,500 லிட்டர் நீரை ஒரு சென்டிகிரேட் பாகை உயர்த்த 5,500 வாட் ஹீட்டருக்கு ஏறக்குறைய 19 நிமிஷம் வேண்டும். 10 பாகையிலிருந்து 38 பாகைக்கு உயர்த்த, வெப்பநஷ்டம் நீங்கலாகவே 9 மணி நேரம் ஆகும். அதே ஹீட்டருக்கு 120 வோல்ட் மட்டும் கிடைக்குமாயின், பாதி வோல்ட்டில் நான்கிலொரு பங்கு வெப்பமே பிறக்கும். 9 மணி 36 மணியாகும். காலையில் நிரப்பி நண்பகலிற் குளிக்க விழைந்தவர் தொட்டியைப் பழிப்பது நியாயமன்று.

7. செய்யத்தகாத ஒன்று

நடுக்குளிர்காலத்தில் சுவிட்சு விழுந்தால், தொட்டியின் நீர் உறைந்து குழாய்கள் வெடிக்குமே என்னும் அச்சம் எழும். தொழிலாளி வரச் சில நாள் ஆகலாம். அப்போது சிலர், காவற்சுவிட்சை நீக்கிச் சாதாரண சுவிட்சைப் பொருத்துவர். தொட்டி உடனே இயங்கும். பழுது நீங்கிற்றென மகிழ்வர். நீங்கியது பழுதன்று, பழுதைச் சொன்ன நாவே நீங்கிற்று. வெடித்த ஹீட்டர் இன்னும் நீரினுள்ளேயே இருக்கிறது. அன்றிரவு அவர்தம் குழந்தைகள் அந்நீரில் இறங்குவர்.

இதற்குப் பாதுகாப்பான வழி வேறு உண்டு. காரணம் ஹீட்டரென்று தெரிந்தால், தொழிலாளியைக் கொண்டு அதன் கம்பிகளை மட்டும் நீக்கி, காவற்சுவிட்சு காவல்செய்ய, பம்பை ஓடவிடலாம். ஓடும் நீர் எளிதில் உறையாது; பம்பின் வெப்பமும், தடித்த மூடியும் புதிய ஹீட்டர் வரும்வரை துணைநிற்கும். அதுவும் இயலாதெனின் நீரை வடித்து, குழாய்களில் எஞ்சியதையும் போக்கிவிடுக. குழாய் வெடித்தால் வேறு குழாய் வாங்கலாம்.

காவற்சுவிட்சின் முகத்திலுள்ள பரீக்ஷைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்த்தல் நன்று. நம் நாட்டு வீடுகளில் வோல்ட் 230. கசிவு காக்கும் சுவிட்சு பெரும்பாலும் 30 மில்லியாம்பியருக்கு அமைந்தது. அளவு வேறாயினும் தத்துவம் ஒன்றே. குளியலறை ஹீட்டரைப் போட்டவுடன் சுவிட்சு விழுமாயின், சுவிட்சைக் கடிந்துகொள்ளாது ஹீட்டரை ஆராய்க.

மனிதனுக்குள்ளும் இத்தகைய காவலொன்று உண்டு. அது எச்சரிக்கும்போது நமக்கு இடையூறாகவே தோன்றும். அதன் வாயை அடைப்பது எளிது. அது கூறியதைக் கேட்டுக் காரணத்தைத் தேடுவது அரிது. அரியதைச் செய்யப் பழகுதலே கல்வியின் பயன்.