ஈயம் பூசும் நவச்சாரம்

சென்ற பொங்கலுக்கு முன் எதிர்வீட்டு அம்மாள் பரணிலிருந்து தம் மாமியாரின் பித்தளை அடுக்கை இறக்கினார். உள்ளே பூசிய ஈயம் போய்ப் பித்தளை பல்லிளித்தது. 'கலாய்' என்று தெருவில் கூவிப் போகிறவர்களை எங்கள் பக்கம் இப்போது காணோம். "சார், நாமே பூசிவிடலாமா? நவச்சாரம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே சற்று விரித்து எழுதுகிறேன்.

இந்தி பேசும் ஊர்க் கடைகளில் 'நௌசாதர்' என்றும், மராத்தியர் கடையில் 'நவசாகர்' என்றும் கேளுங்கள். பெயர் பல, பொருள் ஒன்றே: அம்மோனியம் குளோரைடு. அம்மோனியாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த உப்பு. வேதியியலார் அமீன் உப்புகள் என்று கூறும் பெரிய குடும்பத்துக்கு மூத்த உறவு எனலாம். வெள்ளைத் தூளாகவோ கட்டியாகவோ இருக்கும், மணம் கிடையாது. தண்ணீரில் கரைத்தால் பாத்திரம் சில்லென்றாகும். கரைவதற்கு வேண்டிய வெப்பத்தை நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

நான் இதோடு பழகியது ரயில்வே சிக்னல் பிரிவில். வேலையில் சேர்ந்த புதிதில், கிளைப்பாதை ஸ்டேஷன் ஒன்றில் பழைய லெக்லாஞ்சி மின்கலங்கள் வரிசையாக இருந்தன. 1866-இல் பிரான்ஸ் நாட்டு ஜார்ஜ் லெக்லாஞ்சி அமைத்த முறை. கண்ணாடி ஜாடியில் நவச்சாரக் கரைசல், அதில் துத்தநாகக் கம்பி, நடுவே நுண்துளை மண்குடுவைக்குள் கரித்தண்டும் மாங்கனீஸ் டை ஆக்சைடும். சுமார் ஒன்றரை வோல்ட் தரும். தொடர்ந்து மின்சாரம் எடுத்தால் களைத்துவிடும். ஓய்வு கொடுத்தால் மீண்டும் எழும். அவ்வப்போது மணியடிக்கும் வேலைக்கு அது போதும்.

அந்நாளில் ஒரு தவறும் செய்தேன். நவச்சார மூட்டையைச் சுண்ணாம்பு மூட்டையின்மேல் அடுக்கினேன். மழையில் கூரை ஒழுகியது. காலையில் கதவைத் திறந்ததும் அம்மோனியா நெடி கண்ணிலும் மூச்சிலும் பாய, வெளியே ஓடினேன். சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா போன்ற காரம் எதுவும் நவச்சாரத்திலிருந்து அம்மோனியாவைக் கிளப்பிவிடும். பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் இன்னும் மோசம்: குளோரமீன் என்னும் நச்சு வாயு வரும். குளியலறை கழுவும் சாமான்களோடு இதை ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

இனி ஈயம் பூசுதல். பாத்திரத்தை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, ஈயக்குச்சியால் தொட்டுப் பஞ்சால் துடைப்பார்கள். சூட்டில் நவச்சாரம் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. பின்னது பித்தளைமேல் உள்ள ஆக்சைடு படலத்தைத் தின்றுவிட, பளிச்சென்ற உலோகத்தில் ஈயம் பிடித்துக்கொள்கிறது. பிரிந்தவை காற்றில் குளிர்ந்து மறுபடி கூடுவதுதான் நாம் பார்க்கும் வெண்புகை. அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. அடுக்குமாடிச் சமையலறையில் இந்த வேலை கூடாது. திறந்த வெளியில், காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, குழந்தைகளை விலக்கிவிட்டுச் செய்ய வேண்டும்.

புகையைவிட எனக்குக் கவலை, ஈயம் என்ற சொல். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பாத்திரத்துக்கு உரியது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகும். (காலி ஈயச்சொம்பை அடுப்பில் வைத்து இழந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்!) காரீயம் மலிவு, ஆனால் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். புளி ரசத்தில் கரையும். ரேடியோ பற்றவைக்கும் கம்பியில் பெரும்பாலும் காரீயம் உண்டு. அதைப் பாத்திரத்தில் பூசாதீர்கள். வெள்ளீயக் குச்சியைக் காதருகே வளைத்தால் நறநறவென்று ஒலிக்கும். காரீயம் ஓசையின்றி வளையும். கலப்படத்தில் இந்தச் சோதனையும் ஏமாற்றலாம். ஆகவே தெரிந்த கடையில், சுத்த வெள்ளீயம் என்று பில்லோடு வாங்குங்கள்.

மிஞ்சிய நவச்சாரத்தை இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில், பெயர் எழுதி, சமையல் உப்புக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். பித்தளைப் பாத்திரங்களோடும் வேண்டாம்; அம்மோனியா பித்தளைக்குப் பகை. ஆங்கிலேயர் காலத்தில் இந்நாட்டுப் படைகளின் பித்தளைத் தோட்டாக் குப்பிகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. பக்கத்துக் குதிரை லாயங்களிலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921-இல்தான் விளங்கியது.

எதிர்வீட்டு அம்மாள் கோடை விடுமுறையில் கும்பகோணம் போனபோது அடுக்கைக் கொண்டுபோய்ப் பூசிக்கொண்டு வந்துவிட்டார்.