குழைக்கும் களிமண்

களிமண் கையிற் கிடைத்தால் குழந்தை வாளா இராது. பிசையும், உருட்டும், விரலால் குழித்துப் பார்க்கும். தண்மையும் வழவழப்பும் கண்ணால் அறியத்தக்கன அல்ல. விரலே அவற்றை அறியும். ஜெர்மனி நாட்டில் 1837ஆம் ஆண்டில் சிறுவர் பள்ளியொன்றை நிறுவிய பிரோபல் என்னும் அறிஞர் வகுத்த கைவேலைகளுள், களிமண்ணால் உருவம் செய்தலும் ஒன்றாகும்.

களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள் போன்றவை. அவற்றின் இடையே நீர் நிற்கும்போது ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும். ஆதலின் மண் விரலுக்கு இணங்குகிறது. நீர் வற்றினாலோ தகடுகள் நெருங்கி இறுகும். மண் சுருங்கி வெடிக்கும். உலர்ந்த மண்ணை மீண்டும் ஊறவைத்துக் குழைக்கலாம். சூளையில் சுட்டபின் பழைய குழைவு ஒருநாளும் திரும்பாது.

இங்கிலாந்தில் பாத் நகரில் ஓவியம் பயிற்றிய வில்லியம் ஹார்பட் என்பவர், மாணவர் பழகுவதற்கு உலராத களி ஒன்று வேண்டுமெனக் கருதினார். 1897ஆம் ஆண்டில் நீருக்கு மாறாக எண்ணெய்ப்பசை சேர்த்து அதனை ஆக்கினார். 'பிளாஸ்டிசின்' எனப் பெயர்பெற்ற அக்களிக்கு 1900இல் தனித் தொழிற்சாலையே எழுந்தது. எத்தனை முறை அழித்தாலும் அது மீண்டும் உருக்கொள்ளும். ஆயினும் குளிர்ந்திருக்கும்போது விறைத்து நிற்கும். கைச்சூடு பட்டபின்னரே இளகும். இளங்குழந்தையின் விரல்களுக்கு அது பெரும்பாடு.

அக்குறையைத் தீர்த்த பொருளின் வரலாறு வியப்புக்குரியது. அமெரிக்காவில் நிலக்கரி எரித்துக் குளிர்காய்ந்த வீடுகளில், சுவரில் ஒட்டிய வண்ணத்தாள் புகைக்கரியால் மாசுபடும். அதைத் துடைக்கச் சின்சினாட்டி நகரத்து நிறுவனம் ஒன்று மாவுப்பசை விற்றது. நிலக்கரி அடுப்புகள் மறையவே அவ்வாணிகம் நலிந்தது. அந்நிலையில், அந்நிறுவனத்தாரின் உறவினரும் குழந்தைப்பள்ளி ஆசிரியையுமான கே சூஃபல் அப்பசையைத் தம் மாணவரிடம் கொடுத்துப் பார்த்தார். பிஞ்சுக் கைகளுக்கு அது எளிதாய் இணங்கியது. 1956இல் 'பிளே-டோ' என்னும் பெயரில் அது கடைக்கு வந்தது. அப்பெயரும் அவ்வம்மையார் சொன்னதே. கோதுமை மாவு, உப்பு, நீர், சிறிது எண்ணெய் ஆகியவற்றைப் பிசைந்து இதையொத்த களியை வீட்டிலும் செய்துகொள்ளலாம். உப்பு மிகுதியாதலின் குழந்தைகள் அதனைத் தின்னாதவாறு காத்தல் வேண்டும்; கோதுமை ஒவ்வாதவர்க்கு இது ஆகாது.

விரலின் அறிவு எத்துணை ஆழமானது என்பதற்கு வியன்னா நகரமே சான்று. அங்கே பார்வையற்றோர் பள்ளியில் விக்டர் லோவன்பெல்டு என்னும் ஆசிரியர் மாணவர்க்குக் களிமண்ணைக் கொடுத்தார். கண்ணில்லாதார்க்குச் சிற்பம் கைவராது என்று கருதியோர் அந்நாளிற் பலர். அம்மாணவர்களோ முகங்களையும் மனித உருவங்களையும் செய்தனர். அவ்வுருவங்களில் உறுப்புகள் கண்ணுக்குத் தோன்றும் அளவில் அமையவில்லை. எவ்வுறுப்பு உணர்ச்சியால் முதன்மை பெற்றதோ, அது பெரிதாய் நின்றது. 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபோது லோவன்பெல்டு நாட்டைவிட்டு நீங்கினார். அப்பள்ளியிற் கண்டவற்றை மறு ஆண்டில் நூலாக வெளியிட்டார்.