தாழ்வும் உயர்வும்

கரடுமுரடான பாதையில் செல்லும் வண்டியின் சக்கரம் மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும். சக்கரம் படும் பாட்டை வண்டியில் இருப்போர் படாதிருக்க வேண்டுமாயின், சக்கரத்திற்கும் வண்டியின் உடலுக்கும் இடையே வளைந்து நிமிரும் பொருளொன்று இருத்தல் வேண்டும். அப்பொருளே வில். மாட்டு வண்டியில் அதனைப் பொருத்தியபோது, மக்கள் அவ்வண்டியை வில்வண்டி என்றே அழைத்தனர். எஃகுப் பட்டைகளாலும் எஃகுச் சுருள்களாலும் ஆகிய வில்கள் கார்களிலும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன.

எஃகு வில்லுக்கு ஒரு குறை உண்டு. சுமை ஏறினால் அது தாழும். சுமை இறங்கினால் உயரும். ஓட்டுபவர் விரும்பும் உயரத்தில் வண்டியை நிறுத்தும் ஆற்றல் அதற்கு இல்லை. இக்குறையைப் போக்க விரும்பிய பொறியாளர் காற்றின் துணையை நாடினர். மிதிவண்டியின் சக்கரத்தில் அடைத்த காற்று ஓர் ஆளின் எடையைத் தாங்குவதை அறியாதார் இலர். அழுத்தி அடைக்கப்பட்ட காற்று மென்மையாக வளைந்து கொடுக்கும், சுமையையும் தாங்கும். அன்றியும், அதனை வேண்டியபோது கூட்டலாம், வேண்டாதபோது குறைக்கலாம். கூட்டினால் வண்டி உயரும்; குறைத்தால் தாழும்.

இவ்வழியில் பெரும்புகழ் பெற்றது பிரான்சு நாட்டுச் சித்ரோயன் நிறுவனத்தின் டி.எஸ். என்னும் கார். அது 1955-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பாரிசு நகரில் நடந்த கார்க் காட்சியில் வெளிவந்தது. பால் மாஜெஸ் என்னும் பொறியாளர் அமைத்த முறைப்படி, உருண்டைக் கலங்களில் அடைத்த நைட்ரசன் வாயு வில்லாகப் பணிபுரிந்தது. எண்ணெய் அவ்வண்டியை உயர்த்தவும் தாழ்த்தவும் உதவியது. அமெரிக்க நாட்டில் 1957-ஆம் ஆண்டு காடிலாக் எல்டொரேடோ புரோகாம் என்னும் கார் காற்று வில்களுடன் வந்தது. ஆயினும் காற்றுக் கசிவு அதன் உரிமையாளர்க்குத் தொல்லையாயிற்று. பின்னர், 1984-ஆம் ஆண்டு லிங்கன் நிறுவனத்தின் காரொன்றில் மின்னணுக் கருவிகளே காற்று வில்லை ஆளத் தொடங்கின.

இக்காலத்துக் காற்று வில் இயங்கும் முறை அறிந்து இன்புறத் தக்கது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உறுதியான ரப்பர்ப் பை ஒன்று உள்ளது. மின்சாரத்தால் ஓடும் சிறு எந்திரம் காற்றை அழுத்தி அப்பைகளுக்கு அனுப்புகிறது. காற்றை உள்ளே விடவும் வெளியே போக்கவும் அடைப்பிதழ்கள் இருக்கின்றன. வண்டியின் உடலுக்கும் சக்கரத்தைத் தாங்கும் கைக்கும் இடையே ஒரு சிறு கோல் பொருத்தப்பட்டிருக்கும். வண்டி தாழ்ந்தால் அக்கோல் ஒரு பக்கம் சாயும். உயர்ந்தால் மறுபக்கம் சாயும். அச்சாய்வை உணர்கருவி அளந்து கணிப்பொறிக்குத் தெரிவிக்கும். கணிப்பொறி உயரத்தை ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்திருந்தால் காற்றைச் சேர்க்கும். மிகுந்திருந்தால் காற்றை வெளியேற்றும். ஐவர் ஏறினாலும் ஒருவர் ஏறினாலும் வண்டி தன் மட்டத்தில் நிற்பது இதனாலேயாம்.

இனி, மின்சாரக் காரைத் தாழ்த்த வேண்டிய தேவை யாது? காற்றே அதற்குக் காரணம். விரைந்து செல்லும் வண்டியைக் காற்று எதிர்த்துத் தள்ளுகிறது. வேகம் இருமடங்கானால் அத்தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்ல வேண்டிய திறனோ எட்டு மடங்காகும். வண்டி உயர்ந்து நின்றால் அதன் அடியில் காற்று மிகுதியாகப் புகுந்து, சக்கரங்களிலும் பிற உறுப்புகளிலும் மோதிக் குழம்பும். வண்டி தாழ்ந்து சென்றால் அக்குழப்பம் குறையும். தடை குறையக் குறைய, மின்கலத்தில் சேமித்த மின்சாரம் நெடுந்தொலைவுக்கு வரும். பெட்ரோலை நிரப்பச் சில நிமிடங்களே போதும். மின்கலத்தை நிரப்ப அதனினும் நெடுநேரம் வேண்டும். ஆதலின் மின்சாரக் காரில் சிறிதளவு சிக்கனமும் பெரும்பயன் தருவதாகும். தாழ்ந்த வண்டி வளைவுகளில் சாய்வதும் குறைவு.

ஆயின், இந்நன்மைக்கு ஒரு விலை உண்டு. மின்சாரக் காரின் கனமான மின்கலம் பெரும்பாலும் அதன் தரைக்கு அடியிலேயே பரப்பி வைக்கப்பட்டுள்ளது. வண்டி தாழுந்தோறும் அம்மின்கலம் சாலையை நெருங்குகிறது. இதனை உலகம் நன்குணர்ந்த ஆண்டு 2013.

டெஸ்லா நிறுவனத்தின் மாடல் எஸ் என்னும் மின்சாரக் கார் 2012-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. காற்று வில் பொருத்திய வண்டிகள் நெடுஞ்சாலையில் வேகம் மிகும்போது தாமே தாழ்ந்தன. 2013-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், வாசிங்டன் மாநிலத்தில் அத்தகைய கார் ஒன்று சாலையில் கிடந்த வளைந்த இரும்புத் துண்டின்மேல் சென்றது. அத்துண்டு நெம்புகோல்போல் நிமிர்ந்து, வண்டியின் அடித்தகட்டைத் துளைத்து மின்கலத்தைத் தாக்கியது. வண்டி தன் ஓட்டுநரை எச்சரித்தது. அவர் ஓரத்தில் நிறுத்தி இறங்கினார். பின்னர் வண்டி தீப்பற்றியது. அடுத்த திங்களில் டென்னசி மாநிலத்திலும் இதனையொத்த நிகழ்ச்சி நேர்ந்தது. இரண்டிலும் எவர்க்கும் காயமில்லை. ஆயினும் மக்கள் உள்ளத்தில் அச்சம் பிறந்தது. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை ஆராயத் தொடங்கியது.

அந்நிறுவனம் செய்தது என்ன? அவ்வாண்டு நவம்பரில், கம்பியில்லா வழியாகக் கார்களின் கணிப்பொறிகளுக்குப் புதிய கட்டளையை அனுப்பியது. அதனால் நெடுஞ்சாலை வேகத்தில் வண்டிகள் முன்போல் தாழாமல் சற்று உயர்ந்தே சென்றன. உயரத்தைத் தெரிவு செய்யும் உரிமை பின்னர் ஓட்டுநர்க்கே வழங்கப்பட்டது. 2014-ஆம் ஆண்டு மார்ச்சில், டைட்டானியத் தகடும் அலுமினியக் காப்புகளும் வண்டியின் அடியில் பொருத்தப்படும் என அறிவிக்கப்பட்டது. அதன்பின் அரசும் தன் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டது. காப்பு வலுவுற்றபின் தாழ்வு அச்சத்திற்கு உரியதாக இல்லை.

கணிப்பொறி வகுத்த உயரத்தினும் மேலும் தாழ்த்த விரும்புவோரும் உளர். தாழ்ந்த வண்டி அழகியது என்பது அவர் எண்ணம். அவர்கள் உயரத்தை அளக்கும் கோலைக் கழற்றி, வேறு நீளமுள்ள கோலை மாட்டுவர். அப்போது கணிப்பொறி, வண்டி உயர்ந்திருப்பதாக மயங்கிக் காற்றை வெளியேற்றும். செலவோ சிறிது, வேலையோ எளிது. ஆனால் விளைவு எளிதன்று. சக்கரங்களின் மேற்புறம் உள்நோக்கிச் சாய்வதால், டயர்களின் உள்விளிம்பு விரைவில் தேயும். வெளிப்புறம் புதியதுபோல் தோன்றுவதால் ஓட்டுபவர் அத்தேய்வை அறியார். சக்கரம் மேலெழுந்து அதிர்ச்சியைத் தாங்குவதற்குரிய இடமும் குறையும். வேகத்தடையிலும் வாயிற்படியிலும் வண்டியின் அடிப்பகுதி உராயும். மின்கலமோ முன்னிலும் தரையை நெருங்கி நிற்கும். கணிப்பொறி மட்டும், யாவும் செவ்வனே உள்ளன என்றே கருதிக்கொண்டிருக்கும். ஏமாற்றப்பட்டது கருவியே எனினும், இடர்ப்படுவது ஓட்டுபவரே ஆவார்.

அறிந்து பயன்படுத்துவார்க்கு இவ்வமைப்பு நற்றுணை. மேடுபள்ளமான தெருவில் உயர்த்தலாம். தூய நெடுஞ்சாலையில் தாழ்த்தலாம். சக்கரத்தை மாற்ற ஜாக்கியால் தூக்கும்போது, தானே மட்டம் திருத்தும் செயலை முதலில் நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் வண்டி எதிர்பாராது அசைந்து தீங்கு விளைக்கக்கூடும்.

தாழ்வு தாழ்வாக இருப்பதால் இழிந்ததன்று. உயர்வு உயர்வாக இருப்பதால் சிறந்ததுமன்று. சாலையின் இயல்பையும் வேகத்தையும் சுமையையும் கருதி, தக்க இடத்தில் தாழ்ந்து, தக்க இடத்தில் உயர்வதே அறிவுடைமை. அதற்கு அளவுகோல் மெய் பேச வேண்டும். அளவுகோலைத் திரித்தவன் வண்டியைத் தாழ்த்தினான் என்பதைவிட, தன் காவலைத் தானே தாழ்த்தினான் என்பதே பொருந்தும்.